கிராப்ஸ் மேசை: 10 டாலர் பந்தயம் மலிவு, 5 டாலர் பந்தயம் காஸ்ட்லி!

லாஸ் வேகாஸ் கேசினோக்களில் அதிகக் கூச்சல் வர்ற மேசை எதுன்னு பார்த்தா, பெரும்பாலும் கிராப்ஸ்தான். ரெண்டு பகடையை உருட்டுற ஆட்டம். தயவுசெஞ்சு இதை வருமானமா நினைக்காதீங்க, சினிமா டிக்கெட் மாதிரி இது ஒரு செலவு. எவ்வளவு செலவுன்னுதான் இன்னைக்குக் கணக்குப் போடப்போறோம்.

ரெண்டு பகடை விழ மொத்தம் 36 வழி. அதில் 7 வர 6 வழி இருக்கு. வேறெந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

அடிப்படைப் பந்தயம் 'பாஸ் லைன்'. முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தா ஜெயிச்சீங்க. 2, 3, 12 வந்தா போச்சு. வேற எண் வந்தா அதுதான் 'பாயிண்ட்'. 7 வர்றதுக்கு முன்னாடி அது மறுபடி விழணும். இதில் கேசினோவின் பங்கு 1.41% மட்டுமே.

மேசை நடுவில் 'எனி செவன்' இருக்கும். அடுத்த உருட்டலே 7 வரணும். நியாயமா 1-க்கு 5 தரணும், ஆனா 4 தான் தர்றாங்க. கேசினோவின் பங்கு 16.67%!

மணிக்கு 100 உருட்டல்னு வெச்சுக்குவோம். பாஸ் லைன் ஒண்ணு முடிய சராசரியா மூணு, நாலு உருட்டல் ஆகும். அதனால 10 டாலர் வீதம் சுமார் 30 பந்தயம், சராசரி நஷ்டம் 4 டாலர் சொச்சம். அதே நேரத்தில் ஒவ்வொரு உருட்டலுக்கும் 5 டாலர் 'எனி செவன்' போட்டா நஷ்டம் 83 டாலர். சின்னத் தொகைன்னு ஏமாறக் கூடாதுங்க.

பாயிண்ட் விழுந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னால 'ஆட்ஸ்' போடலாம். அதில் கேசினோவுக்குப் பங்கே கிடையாது. மேசையில் பெரும்பாலும் அதுக்குன்னு கட்டம்கூட வரைஞ்சிருக்க மாட்டாங்க (ஏன்னு சொல்லணுமா?). ஆனா ஆட்ஸ் போட்டா மொத்த நஷ்டம் குறையும்னு நினைக்காதீங்க. ஏற்ற இறக்கம்தான் கூடும்.

'தோத்தா இரட்டிப்பாக்கு' உத்தி? 10 டாலரில் தொடங்கி 6 தடவை வரிசையா தோத்தா 630 டாலர் காலி. அடுத்து 640 போடணும், அதுவும் 10 டாலர் லாபத்துக்கு! மேசை உச்சவரம்பு 500-ன்னா போடவே முடியாது.

மரியாதை விஷயம்: பணத்தை டீலர் கையில் நீட்டாதீங்க, மேசையில் வைங்க. பகடையை ஒரே கையால் எடுத்து, எதிர்ச் சுவரில் படுற மாதிரி வீசுங்க. இது ரெண்டும் மோசடியைத் தடுக்கிற விதி. பகடை உருளும்போது மேசைக்குள்ள கை இருக்கக் கூடாது. பாயிண்ட் ஓடும்போது 'செவன்'னு வாய்விட்டுச் சொல்லாதீங்க, சுத்தி நிக்கிறவங்க முறைப்பாங்க.

ஜெயிச்சா வரி? இந்தியாவில் குடியிருப்பவர்னா அந்த வெற்றித் தொகைக்கு இங்கே 30% வரி, மேலே செஸ். முந்தின நாள் தோத்ததை இதில் கழிக்க முடியாது. அமெரிக்காவில் வெளிநாட்டவரின் கிராப்ஸ் வெற்றிக்கு வரி பிடிக்கிறதில்லை, அதனால அங்கே கட்டினதா இங்கே கழிச்சுக்கவும் எதுவும் இருக்காது.