பாட்டுக்குப் பாஸ், பேச்சுக்கு ஃபெயில்

கேள்வி: 'பாய்ஸ்' படத்தை இப்போது பார்த்தால் ரசிக்க முடியுமா?
- ஒரு வாசகி, அடையாறு

பதில்: பாதி முடியும். 2003-ல் ஷங்கர் இயக்கிய இந்தப் படத்துக்கு உயிர் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களும், சித்தார்த், பரத், நகுல், ஜெனிலியா கூட்டணியின் துள்ளலும்தான். எந்தக் கோயிலில் என்றைக்கு என்ன பிரசாதம் என்று விரல்நுனியில் வைத்திருக்கும் செந்தில் இன்றைக்கும் சிரிக்கவைக்கிறார்.

சறுக்கல், சுஜாதாவின் வசனங்களில் நெளியவைக்கும் இரட்டை அர்த்தம். வயசுக் கோளாறைக் காட்டுவது வேறு, அதையே கொண்டாடுவது வேறு. பின்பாதியில் நக்சலைட், சிறை என்று கதையும் தடம் புரள்கிறது.

படத்தில் டிரம்ஸ் வாசித்த தமன் பிற்பாடு தேசிய விருது வாங்கிய இசையமைப்பாளர் ஆனார். ஆகவே, பாட்டைச் சத்தமாக வையுங்கள். படத்தைத் தனியாகப் பாருங்கள்!