கீழாநெல்லி இருந்தால் போதுமா?



நம்ம ஊர் முந்திரித் தோப்பு ஓரத்திலும் வரப்பிலும் மழை பெய்ததும் தானாக முளைக்கும் செடி கீழாநெல்லி. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் குட்டிக் குட்டி நெல்லிக்காய் வரிசையாக இருக்கும். அதனால்தான் இந்தப் பெயர். மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். சில பேர், "ராத்திரி எவ்ளோ குடிச்சாலும் காலையில கீழாநெல்லி சாப்பிட்டா ஈரல் சரியாயிடும்"னு சொல்றாங்க. எங்க வீட்டில் இதைப் பறித்து அரைப்பது என் வேலை. அதனால் இது உண்மையான்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டேன்.

கல்லீரலின் வேலை

கல்லீரல் வயிற்றின் வலது பக்கம் மேலே, விலா எலும்புக்குள் இருக்கிறது. பெரியவர்களுக்கு சுமார் 1.5 கிலோ எடை. பித்தநீர் சுரப்பது, சர்க்கரையைச் சேமிப்பது, நஞ்சை மாற்றுவது இதன் வேலைகள். குடித்த மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றும். இது மதுவை விடக் கெட்டது, கல்லீரல் செல்களைப் புண்ணாக்கும்.

பாதிப்பு மூன்று படி:
1. கல்லீரலில் கொழுப்பு சேரும். வலி தெரியாது. குடியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.
2. கல்லீரல் வீங்கும். காமாலை வரலாம்.
3. தழும்பு விழுந்து சுருங்கும். இதுதான் சிரோசிஸ். வயிற்றில் நீர் கோக்கும், ரத்த வாந்தி வரும். பழைய நிலைக்குத் திரும்புவது கஷ்டம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி பிளம்பெர்க்கும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி கிருமியின் அடையாளம் மறைந்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. இன்னொன்று, அது கிருமியைப் பற்றிய ஆய்வு. குடியைப் பற்றியது இல்லை!

மஞ்சளில் உள்ள குர்குமின் எலிகளின் கல்லீரலைக் கொஞ்சம் காத்திருக்கிறது. ஆனால் தினமும் குடிக்கும் மனிதரை எந்த மூலிகையும் காப்பாற்றும் என்று நிரூபிக்கப்படவில்லை. ஒரு பக்கம் வீடு எரியும்போது இன்னொரு பக்கம் சுவருக்கு வெள்ளை அடித்தால் என்ன பயன்?

மூலிகைதானே என்று இஷ்டத்துக்குச் சாப்பிடவும் கூடாது. சீந்தில் கொடி சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

குடியை நிறுத்துவதுதான் மருந்து. கீரை, பருப்பு, முட்டை சாப்பிட்டால் உடம்பு தேறும். ஆனால் ரொம்ப நாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அதனால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

நான் இனியும் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பேன். ஆனால் கொடுக்கும்போது இந்தக் கட்டுரையையும் படித்துக் காட்டுவேன். உங்க வீட்டிலும் படித்துக் காட்டுங்க.



ஒன்பதாம் வகுப்பு மாணவி