இணைவோர் பெருகப் பெருகும் மதிப்பு

ஊரில் ஒருவரிடம் மட்டுமே தொலைபேசி இருந்தால் அதனால் அவருக்குப் பயனில்லை. இரண்டாமவர் வாங்கும்போதுதான் முதலாமவரின் கருவிக்கும் மதிப்பு பிறக்கிறது. பணப் பரிமாற்றத்திற்கும் இது பொருந்தும்.

ஐவர் இணைந்த வலையமைப்பில் அவர்களுக்கிடையே 10 இணைப்புகள் அமையும். பதின்மரானால் 45, நூறு பேரானால் 4,950. உறுப்பினர் இருமடங்கானால் இணைப்புகள் நான்கு மடங்கிற்கும் மேலாகின்றன. வலையமைப்பின் மதிப்பும் இவ்வாறே பெருகும் என்பது மெட்காஃப் விதி.

இனி, அந்த நூறு பேரை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து நடுவே சுவர் எழுப்புவோம். ஒவ்வொரு பக்கமும் 1,225 இணைப்புகள். மொத்தம் 2,450 மட்டுமே. ஆட்கள் குறையவில்லை, இணைப்புகளோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன.

தொடக்ககாலப் பணப்பைச் செயலிகள் பலவற்றுக்கிடையே இத்தகைய சுவர் இருந்தது. ஒன்றில் உள்ள பணத்தை மற்றொன்றுக்கு அனுப்ப இயலாது. 2016 ஏப்ரலில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 21 வங்கிகளுடன் தொடங்கிய யுபிஐ அச்சுவரை அகற்றியது. செயலி எதுவாயினும், வங்கி எதுவாயினும், பணம் சென்று சேர்ந்தது. 2019 அக்டோபரில் மாதப் பரிவர்த்தனைகள் 100 கோடியைக் கடந்தன. 2023 ஆகஸ்டில் 1,000 கோடியைக் கடந்தன.

ஆயினும் எல்லா இணைப்பும் சமமதிப்புடையதன்று. நாம் அன்றாடம் பணம் செலுத்துவது பால்காரர், மருந்துக்கடைக்காரர் போன்ற சிலருக்கே. அவர்கள் இணைந்திருப்பதே நமக்குப் பெரும்பயன்.

வலையமைப்பு வளர வளர, வெளியே நிற்போரின் இடர்ப்பாடும் வளர்கிறது. சில்லறை வைத்திருக்கும் கடைகள் குறையும்போது முதியோரே முதலில் தவிக்கின்றனர். சாதாரணக் கைபேசியிலும் இயங்கும் யுபிஐ 123பே வசதி 2022 முதல் உள்ளது. அதனை வீட்டுப் பெரியோர்க்குக் கற்பிப்பது அவர்களுக்கு மட்டுமன்றி நம் அனைவருக்கும் ஆதாயமே.

எல்லோரையும் எட்டும் பாதை மோசடிக்காரருக்கும் திறந்ததே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. கேட்டால் ஏமாற்று என்று உணர்வோம். பணம் பறிபோனால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைப்போம். புதியவர் ஒருவரை இணைக்கும்போது இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்போம்.