குதிரைத் தேர்வும் கைப்பொருளும்

புறநானூற்றின் 299ஆம் பாட்டில் பொன்முடியார் இருவகைக் குதிரைகளை நமக்குக் காட்டுகின்றார். ஒன்று சீறூர் மன்னனுடையது; உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது. ஏனையவை மருதநில வேந்தருடையவை. நெய் பெய்து மிதித்த கவளம் உண்டு வளர்ந்தவை. போர் வந்தபோது களத்தை ஊடறுத்துச் சென்றது வறியவன் குதிரையே. செல்வர் குதிரைகள் ஒதுங்கி நின்றன. குதிரை மறம் என்னும் துறையில் அமைந்த இப்பாட்டை வகுப்பில் கேட்டு யாம் மகிழ்ந்தோம். வறியவன் வென்றான் எனில் மாணாக்கர்க்கு மகிழ்ச்சி பிறத்தல் இயல்பன்றோ! ஆயினும் கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டிய நாள் அடுத்திருந்தமையால் எனக்கு அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. உழுந்துச் சக்கைக் குதிரை தோற்ற வரலாறு ஒன்றும் நினைவிற்கு வந்தது. அஃது எம் ஊரோடு தொடர்புடையது.

எம் இல்லம் புதுவை நெல்லித்தோப்பில் உள்ளது. அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கி நடந்து சென்றால் அரவிந்தர் ஆசிரமத்தை அடையலாம். பன்னாட்டினரும் வந்து வணங்கிச் செல்லும் அப்பெரியார் தம் இருபதாம் ஆண்டில் குதிரையேற்றத் தேர்வில் தவறிய ஒரு மாணவர் என்பதை எம்மூரார் பலரும் அறிவர். ஆனால் அதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொல்லிவிட்டு அப்பாற் செல்வர்.

அரவிந்தர் 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தவர். அவர் தந்தையார் கிருஷ்ண தன கோஷ் ஓர் அரசாங்க மருத்துவர். தம் மைந்தர் ஆங்கில அரசின் இந்திய சிவில் சர்வீசில் அமர்தல் வேண்டும் என்பது அவர் பெருவிருப்பு. ஆதலின் 1879இல் மைந்தர் மூவரையும் இங்கிலாந்திற்கு அனுப்பி, மான்செஸ்டரில் ஒரு கிறித்தவப் போதகர் இல்லத்தில் இருத்தினார். அப்பொழுது அரவிந்தர்க்கு வயது ஏழு. தந்தையார் விடுத்த பணம் நாளடைவில் ஒழுங்காக வாராதாயிற்று. இலண்டனில் செயிண்ட் பால் பள்ளியிற் பயின்ற காலத்தே உடன்பிறந்தாரோடு குளிர் காயும் வசதியின்றி, காலையில் ரொட்டியும் தேநீரும், மாலையில் மலிவான சிற்றுணவும் கொண்டு அவர் நாள் கழித்ததுண்டு. விடுதிச் சோற்றைக் குறைகூறும் நம்மனோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1890இல் அவர் சிவில் சர்வீஸ் தேர்வில் 11ஆம் இடம் பெற்றார். அவ்வாண்டே ஆண்டிற்கு 80 பவுன் உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1892இல் கிரேக்க இலத்தீன் தேர்வின் முதற் பகுதியில் முதல் வகுப்பிலே தேறினார். எஞ்சி நின்றது குதிரை ஒன்றே.

சிவில் சர்வீசிற்குக் குதிரை எற்றுக்கு எனலாம். அந்நாளில் மாவட்ட அதிகாரி ஊர்தோறும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் குதிரை மீதே செல்லல் வேண்டும். ஆதலின் அத்தேர்வை வீணென்று ஒதுக்குதற்கில்லை. ஆயின் செல்வர் வீட்டுப் பிள்ளை இளமையிலேயே தன் வீட்டுக் குதிரையில் ஏறிப் பழகிவிடுவான்; ஏனையோன் ஒவ்வொரு பாடத்திற்கும் பணம் எண்ணிக் கொடுத்தல் வேண்டும். நம் இலக்கியத்தில் செலவில்லாத குதிரை ஒன்றே உண்டு. அது தலைவன் ஏறும் பனைமடற் குதிரை. அதன்மேல் ஏறித் தேர்வெழுதத் தேர்வாளர் இசையார்! கேம்பிரிட்ஜில் குதிரையேற்றம் கற்பித்தவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு தம்மைக் குதிரையுடன் விட்டுவிட்டார் என்றும், தாமும் அதனைப் பொருட்படுத்தவில்லை என்றும் அரவிந்தர் பிற்காலத்து உரையாடலிற் கூறியதாகக் குறித்துள்ளனர். வாய்ப்பு மீண்டும் மீண்டும் அளிக்கப்பட்டது. 1892 நவம்பரில் ஊல்விச்சில் குறிக்கப்பெற்ற கடைசி வாய்ப்பிற்கும் அவர் உரிய வேளையிற் செல்லவில்லை.

நிற்க. அவர் தவறியதன் காரணம் யாது? ஈண்டு இரு சான்றுகள் உள்ளன. அவர் கல்லூரி ஆசிரியர் பிரோதீரோ, அவர்க்காகப் பரிந்து எழுதிய கடிதத்தில் பணமுடையையே முதன்மையாகக் காட்டினார். தந்தை அனுப்பும் பொருள் போதவில்லை, உடன்பிறந்தார் இருவரையும் தாங்கவேண்டியிருந்தது, எனினும் உழைப்பில் அவர் தளரவில்லை என்பது அதன் கருத்து. அரவிந்தரோ, தமக்கு அப்பணியில் நாட்டமே இல்லை என்றும், குடும்பத்தார் இசையாராதலின் தாமே மறுத்துரைக்காமல் குதிரைத் தேர்வின் வாயிலாக அதனின்று நீங்கிக்கொண்டதாகவும் பின்னாளில் எழுதினார்.

வரலாறு எழுதுவோர் இவ்விரண்டில் ஒன்றைப் பற்றி மற்றதை நெகிழவிடுவர். இரண்டும் மெய்யே என்பது என் துணிபு. கையிற் பொருளில்லாத மாணவன் தன் மனத்தை எளிதில் வெளியிடான். நமக்காகச் செலவிட்டவர் முன் ‘எனக்கு இது வேண்டா’ என்னும் சொல் தொண்டையிலேயே நின்றுவிடும். எந்தையார் என்னைக் கணக்கியல் பயில விரும்பினார். தமிழே பயில்வேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு மூன்று திங்கள் ஆயிற்று. அதற்குள் ஒரு தேர்வில் வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் பெறலாமா என்றும் எண்ணினேன். ஆதலின் ஊல்விச்சிற்குச் செல்லாத அவ்விளைஞர் எனக்கு அயலார் அல்லர்.

ஆசிரியரின் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் அப்பொழுது இலண்டனில் இருந்தார். திங்கள் 200 ரூபாய்ச் சம்பளத்தில் அரவிந்தரைத் தம் பணிக்கு அமர்த்தினார். 1893 பிப்ரவரியில் அவர் பம்பாயில் இறங்கினார். தந்தையார் அவரைக் காணவில்லை. மகன் வருவதாக எண்ணிய கப்பல் போர்ச்சுகல் கரையருகே மூழ்கியது என்ற செய்தி கேட்டு 1892 டிசம்பரில் அவர் உயிர் நீத்தார். அக்கப்பலில் அரவிந்தர் ஏறவே இல்லை.

அவர் புதுவைக்கு வந்தது 1910 ஏப்ரல் 4ஆம் நாள். பாரதியார் அதற்கு ஈராண்டு முன்னரே இங்கு வந்திருந்தார். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் முதல் வகுப்புப் பெற்ற அவர், பாரதியார் துணையுடன் இங்கே தமிழ் பயிலலாயினார்.