மடியைப் புதுப்பிக்கும் மூலச் செல்கள்

கறவை மாடு வைத்திருப்போரில் பலர், மாடு கன்று ஈனுவதற்கு ஓரிரு வாரம் முன்பு வரை பால் கறக்கிறார்கள். நாளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினாலும் சங்கத்திலிருந்து பணம் வருகிறது. ஒரே மாட்டை நம்பியுள்ள குடும்பம் அதை விட்டுக் கொடுப்பது எளிதன்று. ஆனால் அந்த இரண்டு லிட்டருக்காக அடுத்த ஈற்றில் எவ்வளவு இழக்க நேரிடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மடிக்குள் திராட்சைக் குலை போல் நுண்ணிய அறைகள் உள்ளன. அறையின் உட்சுவரில் பால் சுரக்கும் செல்களும், அவற்றைச் சுற்றிப் பாலைப் பிழிந்து தள்ளும் தசை போன்ற செல்களும் இருக்கின்றன. நாளடைவில் இவை மூத்துக் கழிந்து போகின்றன. அவற்றுக்கு ஈடாகப் புதிய செல்கள் பிறப்பதற்கு மூலமானவை, மடித் திசுவிலேயே தங்கியிருக்கும் மூலச் செல்கள். பத்திரிகைகளில் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதப்படுபவை இவையே. தீவனப் புல்லை அறுத்த பின் தூரிலிருந்து மீண்டும் தழைக்கிறதல்லவா, ஏறக்குறைய அது போன்றதே இதுவும்.

இச்செல்களைப் பிரித்தெடுப்பது பொறுமையான வேலை. இறைச்சிக்காக வெட்டப்பட்ட பசுவின் மடியில் ஒரு துண்டு எடுத்துப் பொடியாக நறுக்குவார்கள். கொலாஜினேஸ் என்ற நொதியில் உடல் சூட்டிலேயே ஊற வைத்தால் திசுவைப் பிணைத்திருக்கும் நார்ப் பொருள் கரையும். பின்னர் நுண்ணிய வலையில் வடிகட்டித் தனித்தனிச் செல்களாக்குவார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருள்கள் செல்லின் மேற்பரப்பில் ஒட்டுவதைக் கொண்டு கருவி அவற்றை இனம் பிரிக்கும்.

பிரித்து விட்டால் மட்டும் மூலச் செல் என்று சொல்லிவிட முடியாது. அதற்குச் சோதனை உண்டு. செல்களை இடைவெளி விட்டு வளர்த்தால் ஒவ்வொன்றும் பெருகித் தனிக் கூட்டமாகும். சில கூட்டங்களில் பால் சுரக்கும் வகை மட்டும், சிலவற்றில் தசை வகை மட்டும் இருக்கும். இரண்டு வகையும் கலந்த கூட்டத்தைத் தந்த செல்லே கவனிக்கத்தக்கது. அதனினும் கடினமான சோதனை, செல்லை உயிருள்ள உடலில் நடுவது. 2006-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் சுண்டெலியின் ஒரே ஒரு செல்லிலிருந்து முழுப் பால்சுரப்பியை வளர்த்துக் காட்டினர். 2010-ல் வெளியான ஆய்வில், பசுவின் மடிச் செல்களைச் சுண்டெலியின் உடலில் வைத்தபோது, அவை பால் அறைகளாக அமைந்து பால் புரதத்தையும் சுரந்தன.

இனி கறவைக்கு வருவோம். அமெரிக்காவின் டென்னசியில் ஸ்வான்சன் என்பவர் ஒரே கருவில் பிறந்த இரட்டைப் பசுக்களை வைத்துச் சோதித்து 1965-ல் வெளியிட்டார். ஒன்றுக்கு 60 நாள் கறவை நிறுத்தம். மற்றதை விடாமல் கறந்தார். விடாமல் கறந்த பசு இரண்டாம் ஈற்றில் தன் இரட்டையின் பாலில் 75 சதவீதமும், மூன்றாம் ஈற்றில் 62 சதவீதமுமே தந்தது. தீவனக் குறைவே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இங்கிலாந்தில் ஒரே பசுவின் மடியில் பாதியை மட்டும் வற்ற விட்டுப் பார்த்தபோது, விடாமல் கறந்த பாதியிலேயே பால் குறைந்தது. ஆகவே குறை மடியில்தான். மேரிலாண்டில் கபுகோ குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வு, கறவை நிறுத்திய பசுக்களில் மடிச் செல்கள் அதிக வேகத்தில் பெருகிப் பழையவற்றின் இடத்தைப் பிடிப்பதைக் காட்டியது.

நம் மாடுகளில் இழப்பு அவ்வளவு இல்லாமல் பத்துச் சதவீதமே என்று வைத்துக் கொண்டாலும், ஓர் ஈற்றில் 2,000 லிட்டர் கறக்கும் மாட்டில் அது 200 லிட்டர். 60 நாளும் இரண்டு லிட்டர் வீதம் கறந்தால் கிடைப்பதோ 120 லிட்டர்தான். முதல் ஈற்று மாடு இன்னும் வளரும் பருவத்தில் இருப்பதால் அதை விடாமல் கறப்பது மேலும் தவறு. மூலச் செல்லைக் கொண்டு பாலைப் பெருக்கும் ஊசி என்று யாரேனும் விற்க வந்தால் வாங்க வேண்டாம். அப்படியொன்று நடைமுறைக்கு வரவில்லை.

சினை ஊசி போட்ட தேதியைக் குறித்து வைத்தால், பசுவில் அதிலிருந்து 220 நாளிலும், எருமையில் 250 நாளிலும் கறவையை நிறுத்தலாம். ஒரு வாரம் முன்பே அடர்தீவனத்தைக் குறைக்க வேண்டும். குறைவாகக் கறக்கும் மாட்டில் ஒரே நாளில் நிறுத்தி விடலாம். கடைசிக் கறவைக்குப் பின் காம்புக்குள் செலுத்தும் மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். மடி நோய் வந்து வடுவான இடத்தில் பால் அறைகள் சரிவர மீள்வதில்லை.

நிறுத்திய பின் சில நாட்கள் மடி விம்மி நிற்கும். மாடு கத்துகிறதே என்று இரங்கிச் சிறிது கறந்து விட்டால் சுரப்பு மீண்டும் தொடங்கி விடும். விம்மல் தானாக வற்றும். மடி சிவந்து சூடாகி, தொட்டால் மாடு உதைத்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும்.