விஞ்ஞானப் பாடம்: கல்லும் கத்தியும் சுண்ணாம்பும்



சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் பலர் விஞ்ஞானப் புத்தகத்தில் மூலகம், சேர்வை, உலோகம் என்ற சொற்களைக் கண்டாலே பயப்படுகிறார்கள். "இதெல்லாம் டவுன்ல லேப் இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குத்தான் வெளங்கும் சேர்" என்று ஒரு பிள்ளை எங்களிடம் சொன்னது. அது சரியில்லை. அந்தப் பாடத்தில் பாதி எங்கள் லயத்திலேயே இருக்கிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு, கூரைத் தகரம், கவ்வாத்துக் கத்தி, மலைக்குப் போடும் டொலமைட், பாட்டியின் வெற்றிலைப் பை என்று எதை எடுத்தாலும் அதில் கல்லில் இருந்து வந்த ஒரு பொருள் இருக்கும். இந்த முறை அவற்றை வைத்தே பாடத்தைப் பார்ப்போம். கடைசிப் பகுதியைப் பெரியவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

அணு, மூலகம், சேர்வை

ஒரு இரும்பு ஆணியை இரண்டாக வெட்டுகிறோம். பாதியை மறுபடி வெட்டுகிறோம். இப்படியே வெட்டிக்கொண்டு போனால், இனியும் பிரித்தால் அது இரும்பாகவே இருக்காது என்ற ஒரு கட்டம் வரும். அந்தக் கடைசித் துணுக்குத்தான் இரும்பு அணு. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்கு இரும்பு அணுக்களை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய 40 இலட்சம் அணுக்கள் நிற்கும். அவ்வளவு சின்னது.

அணுவின் நடுவில் கரு இருக்கிறது. கருவுக்குள் புரோத்தன்களும் நியூத்திரன்களும், அதைச் சுற்றி இலத்திரன்களும் உள்ளன. எத்தனை புரோத்தன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது எந்த அணு என்று சொல்லுவோம். காபனுக்கு 6, ஒட்சிசனுக்கு 8, கல்சியத்துக்கு 20, இரும்புக்கு 26.

ஒரே வகை அணு மட்டும் உள்ள பொருள் மூலகம். கேகாலைப் பக்கம் போகல சுரங்கத்திலும், குருணாகல் மாவட்டத்துக் ககடகக சுரங்கத்திலும் எடுக்கும் காரீயம் பெரும்பாலும் சுத்தமான காபன். பென்சிலில் எழுதுவதும் அதே காபன்தான்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வகை அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்தால் அது சேர்வை. கலவை வேறு, சேர்வை வேறு. அரிசியில் கல் கலந்திருந்தால் சுளகில் புடைத்துப் பிரித்துவிடலாம். அது கலவை. துருவில் இரும்பும் ஒட்சிசனும் இருக்கின்றன. ஆனால் எவ்வளவு புடைத்தாலும் அரித்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. அது சேர்வை.

பாறைக்குள் என்ன இருக்கிறது?

ஒட்சிசன் என்றால் காற்றில் மட்டும் இருப்பது என்று நினைக்கிறோம். பூமியின் மேலோட்டுப் பாறையை நிறுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 46 பங்கு ஒட்சிசன், 28 பங்கு சிலிக்கன், 8 பங்கு அலுமினியம், 5 பங்கு இரும்பு. அதாவது பாறையில் பாதிக்குக் கிட்ட ஒட்சிசன்தான். அது வாயுவாக இல்லை, மற்ற அணுக்களோடு பிணைந்து கல்லாக இருக்கிறது.

பொன் மட்டும் ஏன் மண்ணில் பொன்னாகவே கிடைக்கிறது? அது ஒட்சிசனோடு லேசில் சேராது. இரும்பும் அலுமினியமும் அப்படியில்லை. அவை சேர்வையாகத்தான் கிடைக்கும். உலோகத்தைப் பிரித்து எடுக்கக்கூடிய இப்படியான கல்லைத் தாது என்கிறோம். புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் அப்படி ஒரு தாது. அதில் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்திருக்கின்றன. உலோகம் எடுப்பதற்கு மட்டுமல்ல, பசளைக்கும் கல் உதவுகிறது. எப்பாவலையில் எடுக்கும் அப்பற்றைட் கல்லை அரைத்துத்தான் பொசுபேற்றுப் பசளையாகத் தேயிலைக்குப் போடுகிறார்கள்.

கத்தி ஏன் துருப்பிடிக்கிறது?

இரும்புத் தாதில் இருந்து இரும்பை எடுக்க வேண்டுமென்றால் ஒட்சிசனை அதிலிருந்து பறிக்க வேண்டும். அந்த வேலையைக் கரி செய்கிறது. கரி எரியும்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு வாயு, தாதின் ஒட்சிசனை எடுத்துக்கொண்டு காபனீரொட்சைட்டாக மாறிப் போய்விடும். இரும்பு மிஞ்சும். இதற்குப் பெரிய சூடு வேண்டும்.

பலாங்கொடைக்குக் கிட்ட சமனலவெவவில் 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வாழ்ந்தவர்கள், மேற்குப் பார்த்த மலைச்சரிவில் உலை கட்டி, பருவக்காற்றாலேயே நெருப்பை ஊதி இரும்பு எடுத்திருக்கிறார்கள். கில் ஜுலெப் என்ற ஆய்வாளர் 1994இல் அதே மாதிரி உலை கட்டி, துருத்தி இல்லாமலே இரும்பு எடுத்துக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அது வெளிவந்தது. எங்கள் மலைக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேல் பருவக்காற்றுத்தான் அன்றைக்கு உலைக்குத் துருத்தியாக இருந்தது.

இவ்வளவு பாடுபட்டுப் பிரித்த இரும்பு, ஈரமும் காற்றும் பட்டால் மறுபடியும் ஒட்சிசனோடு சேர்ந்துவிடும். அதுதான் துரு. ஆகவே கவ்வாத்துக் கத்தியை வேலை முடிந்ததும் துடைத்து, காயவைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி வையுங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாது.

கூரைத் தகரம் உண்மையில் இரும்புத் தகடு. அதன்மேல் நாகம் என்ற உலோகத்தைப் பூசியிருக்கிறார்கள். நாகம் இரும்பை விட வேகமாகத் தாக்கமடையும். அதனால் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பூச்சு தேய்ந்து முடிந்த பிறகுதான் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுகிறது. பாடப்புத்தகத்தில் உலோகங்களை வேகமாகத் தாக்கமடைவதில் இருந்து வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். இதை மனப்பாடம் செய்யுங்கள்: சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு, ஈயம், செம்பு, வெள்ளி, பொன்.

சுண்ணாம்பின் மூன்று பிறவி

சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று. மாத்தளைப் பக்கம் சூளைகளில் இந்தக் கல்லை ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். அப்போது காபனீரொட்சைட்டு வெளியே போய், கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் கிடைக்கும். மிச்சம் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். கிடைப்பதுதான் நீறாத சுண்ணாம்பு. இது முதல் பிறவி.

அதோடு தண்ணீர் சேர்ந்தால் கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகும். நீறிய சுண்ணாம்பு என்பது அதுதான். வெற்றிலைக்குப் போடுவதும் இதுவே. இது இரண்டாம் பிறவி.

சுவரில் அடித்த பிறகு அது காற்றில் உள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல இழுத்து, மறுபடியும் கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. சூளையில் விட்டதைச் சுவரில் எடுத்துக்கொள்கிறது. வெள்ளையடித்த சுவரில் மேலே இருப்பது மெல்லிய சுண்ணாம்புக்கல்தான். இது மூன்றாம் பிறவி.

டொலமைட் வேறு. அது சுடாத கல்லை அரைத்த தூள். கல்சியத்தோடு மகனீசியமும் சேர்ந்த காபனேற்று. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். பீ.எச். 4.5 முதல் 5.5 வரை நல்லது. ஆனால் வருடக்கணக்காக நைதரசன் பசளை போட்டால் புளிப்பு அளவுக்கு மீறிப் போகும். அதைச் சரிப்படுத்தத்தான் கவ்வாத்துக் காலத்தில் டொலமைட் போடுகிறார்கள். அது சுண்ணாம்பு மாதிரிச் சுடாது. என்றாலும் தூள் மூச்சில் போகாமல் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு பரிசோதனை:

1. முட்டைக் கோதும் கல்சியம் காபனேற்றுத்தான். அதை ஒரு கிளாசில் போட்டு வினாகிரி ஊற்றுங்கள். குமிழி குமிழியாக வருவது காபனீரொட்சைட்டு.

2. மஞ்சள் கரைத்த தண்ணீரில் ஒரு துளி வெற்றிலைச் சுண்ணாம்பைப் பெரியவர் ஒருவர் போடட்டும். சிவப்பாகும். தேசிக்காய் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சுண்ணாம்பு காரம், தேசிப்புளி அமிலம் என்பதை இது காட்டுகிறது. ஆலத்தித் தண்ணீர் சிவப்பாக இருப்பதன் காரணமும் இதுதான். செய்து முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

கட்டாயம் வாசிக்க வேண்டியது

2011ஆம் ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் ஒரு தகப்பன் இஸ்தோப்பில் வைத்துச் சுண்ணாம்பு நீற்றினார். வாளியில் சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டு மேலே தண்ணீரை ஊற்றினார். அது கொதித்துத் தெறித்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயது மகனின் கண்ணில் விழுந்தது. வீட்டார் பதறிப்போய்ச் சேலைத் தலைப்பால் துடைத்தார்கள். ஒருவர் தாய்ப்பால் விடச் சொன்னார், ஒருவர் நல்லெண்ணெய் என்றார். லொறி வரும்வரை முக்கால் மணித்தியாலம் போனது. இவ்வளவு நேரமும் பீலியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாங்களும் போய்ச் சேர்ந்து லொறியைத் தேடினோமே தவிர, கண்ணைக் கழுவச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு கண் பார்வை போய்விட்டது.

பிறகு அந்த வீட்டுக்குப் போனபோது அக்காவின் விஞ்ஞானக் கொப்பியைப் பார்த்தோம். 'கல்சியம் ஒட்சைட்டு நீருடன் தாக்கமடையும்போது வெப்பம் வெளிவிடப்படும்' என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தது. ஆசிரியர் சரி போட்டிருந்தார். கொப்பியில் இருந்த பாடம் இஸ்தோப்புக்கு வரவில்லை. அதை அந்தப் பிள்ளையின் குற்றமாக நாங்கள் நினைக்கவில்லை. பெரியவர்களாகிய எங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்:

முடிந்தால் நீற்றிய சுண்ணாம்பையே வாங்குங்கள். நீற்றத்தான் வேண்டுமென்றால் பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிடுங்கள். இரும்புப் பீப்பாயில் முதலில் தண்ணீர் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வாளி சூட்டில் உருகிவிடும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுங்கள்.

கண்ணில் பட்டால் அந்த நிமிஷமே கழுவுங்கள். முகத்தில் தூள் இருந்தால் தட்டிவிட்டு, இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான ஓடும் தண்ணீரில் அரை மணித்தியாலமாவது விடாமல் கழுவ வேண்டும். கசக்க விடாதீர்கள். தேசிப்புளி, எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடாதீர்கள். காரம் கண்ணுக்குள் ஆழமாக இறங்கும், ஒவ்வொரு நிமிஷமும் பெரிது. ஒருவர் கழுவும்போதே மற்றவர் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடட்டும். வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டும்.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. துரு கலவையா, சேர்வையா? காரணம் கூறுக.
2. இரும்புத் தகட்டுக்கு நாகம் பூசுவது ஏன்? செம்பு பூசிய தகட்டில் கீறல் விழுந்தால் இரும்பைச் செம்பு காப்பாற்றுமா?
3. 50 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எத்தனை கிலோ நீறாத சுண்ணாம்பு கிடைக்கும்?
4. சுண்ணாம்பு நீற்றும்போது சூடு எங்கிருந்து வருகிறது? இதை உங்கள் வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு வாயால் விளக்கிச் சொல்லுங்கள்.

நான்காவது கேள்விக்குப் புள்ளி இல்லை. ஆனாலும் அதைத்தான் முதலில் செய்யச் சொல்லி உங்களிடம் கேட்கிறோம்.