நிரல் நூலகத்துக்கு ஓர் அக்கம்பக்கப் பட்டியல்: தொடர்புடைய கருவிகளை ஆவணப்படுத்துவது எப்படி?

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில், கடற்கரைக்குப் பக்கத்திலேயே, 1955 முதல் இயங்கி வருகிறது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுப்பகுதியில், 96 இடங்களில் மரங்களை அளந்தார்கள். ஒவ்வோர் இடமும் 1 ஹெக்டேர். மொத்தம் 60,000-க்கும் மேற்பட்ட மரங்கள். இந்தத் தரவு 2010-இல் ‘எக்காலஜி’ ஆய்விதழ் வழியாக வெளியானது.

இன்று அதே தரவு, ‘பயோமாஸ்’ என்ற திறமூல நிரல் நூலகத்துக்குள் ‘கர்நாடகா ஃபாரஸ்ட்’ என்ற பெயரில் மாதிரித் தரவாக இருக்கிறது. காட்டு மரங்களின் எடையைக் கணிக்கும் இந்த நூலகம் ‘ஆர்’ நிரல்மொழியில் எழுதப்பட்டது. இதை விளக்கும் கட்டுரை 2017-இல் வந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். நிறுவினால் நம்ம ஊர் நிறுவனத்தின் உழைப்பும் கூடவே வந்துவிடும்.

சரி, நிறுவியாயிற்று. அடுத்து என்ன? தரவை எங்கிருந்து எடுப்பது, எதைக்கொண்டு சரிசெய்வது, விடையை எங்கே கொண்டுபோவது? இதற்கெல்லாம் பதில் சொல்வதுதான் ‘தொடர்புடைய கருவிகள்’ பக்கம். அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம். கல்லூரி மாணவர், துறை அலுவலர், தன்னார்வலர் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏன் இது முக்கியம்?

ஒரு சின்னக் கணக்கு. வெப்பமண்டல மரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 2014-ஆம் ஆண்டுச் சமன்பாட்டுக்கு மூன்று அளவுகள் வேண்டும்: விட்டம், உயரம், மர அடர்த்தி. விட்டம் 30 செ.மீ., உயரம் 20 மீட்டர், அடர்த்தி 0.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு மேலுள்ள பகுதியின் உலர் எடை சுமார் 580 கிலோ என்று வரும்.

நம் ஊரில் களத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நாடாவைச் சுற்றிச் சுற்றளவைத்தான் அளக்கிறார்கள். அதை அப்படியே விட்டத்தின் இடத்தில் போட்டுவிட்டால்? மற்ற இரண்டும் மாறாவிட்டாலும், விடை ஒன்பது மடங்குக்கு மேல் கூடிவிடும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. அந்த எண் அறிக்கைக்குள் போகும், அறிக்கை கோப்புக்குள் போகும், கோப்பை வைத்துத் திட்டம் போடுவார்கள். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு கைமாறும் இடத்தில்தான் இந்த மாதிரித் தவறுகள் நுழைகின்றன. நல்ல பட்டியல் அந்த இடத்தில்தான் காவல் நிற்க வேண்டும்.

படி 1: வேலையின் வரிசையை எழுதுங்கள்

பட்டியலை அகர வரிசையில் தொடங்காதீர்கள். பயனாளர் எந்த வரிசையில் வேலை செய்வாரோ அந்த வரிசையில் எழுதுங்கள். பயோமாஸுக்கு அது இப்படி:

• இனப்பெயர்ப் பிழை திருத்தம்: நூலகம் வெளியிலுள்ள ஒரு பெயர்ச் சேவையின் உதவியோடு இதைச் செய்கிறது. இணையம் தேவை.

• மர அடர்த்தி: 2009-இல் வெளியான உலக மர அடர்த்தித் தரவுத்தொகுப்பு. இதில் 8,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இனத்துக்கு மதிப்பு கிடைக்காவிட்டால் பேரினத்தின் சராசரி, அதுவும் இல்லாவிட்டால் அந்தத் திடலின் சராசரி எடுக்கப்படும்.

• உயரம்: கர்நாடகத் தரவில் மரங்களின் உயரம் இல்லை. ஆகவே விட்டத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் மாதிரி ஒன்று தேவை.

• எடையும் பிழை வரம்பும்: ஒற்றை எண்ணோடு நிற்காமல், அது எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் நூலகம் கணித்துத் தரும்.

இதை எழுதியதுமே எந்தக் கருவி முன்னால் வரும், எது பின்னால் வரும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 2: உறவு என்னவென்று சொல்லுங்கள்

‘இதையும் பாருங்கள்’ என்று பத்து இணைப்புகளை அடுக்குவதால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு கருவிக்கும் உறவுமுறை சொல்ல வேண்டும். நான்கு வகை போதும்:

• ஊட்டுவது: நூலகத்துக்குத் தரவு தருவது. உதாரணம், மர அடர்த்தித் தொகுப்பு.

• தொடர்வது: நூலகத்தின் விடையை வாங்கி மேலே கொண்டுபோவது. உதாரணம், வரைபடக் கருவிகள்.

• மாற்று: அதே வேலையை வேறு சூழலுக்குச் செய்வது.

• பக்கத்து வீடு: நேரடித் தொடர்பு இல்லை, ஆனால் அதே பயனாளருக்குத் தேவைப்படுவது. உதாரணம், வானிலிருந்து லேசர் மூலம் எடுத்த அளவுகளைக் கையாளும் ‘லிட்ஆர்’.

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி

ஒரு மாதிரிப் பதிவைப் பாருங்கள்.

பெயரும் வேலையும்: அல்லோடிபி. வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள காடுகளின் மர எடையைக் கணிக்கும் ‘ஆர்’ நூலகம்.
உறவு: மாற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்காக உருவாக்கப்பட்டதல்ல.
உள்ளே போவது: விட்டம் (செ.மீ.), இனப்பெயர், இருப்பிடம்.
வெளியே வருவது: எடை, கிலோவில். பயோமாஸ் தருவதோ டன்னில். ஒப்பிடும் முன் மாற்றிக்கொள்ளவும்.
நிலை: பராமரிப்பில் உள்ளதா? நீங்கள் சரிபார்த்த தேதி.

நான்காவது வரியைக் கவனித்தீர்களா? கிலோவும் டன்னும் கலந்தால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவு வேண்டும்.

படி 4: தரவுகளையும் சேருங்கள்

கருவி மட்டும் போதாது. இதே பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கர்நாடகத்தின் உப்பங்கலாவில் நிரந்தர ஆய்வுத் திடல் அமைத்து, இருபது ஆண்டு மர அளவீடுகளை 2011-இல் வெளியிட்டார்கள். 96 இடங்களின் தரவு ஒரு பரந்த பகுதியைக் காட்டும். உப்பங்கலா, ஒரே காட்டில் காலப்போக்கில் நடந்த மாற்றத்தைக் காட்டும். எந்தக் கேள்விக்கு எது உதவும் என்று ஒரு வரி எழுதினால் புதியவருக்கு அலைச்சல் மிச்சம். உரிமத்தையும் குறிப்பிடுங்கள். இலவசமாகக் கிடைப்பதாலேயே எதற்கும் பயன்படுத்தலாம் என்று அர்த்தம் இல்லை.

படி 5: பழசைத் தள்ளுங்கள்

நிலவரைபட வேலைக்குப் பல ஆண்டுகள் கைகொடுத்த ‘ஆர்ஜிடால்’, ‘ஆர்ஜியோஸ்’, ‘மேப்டூல்ஸ்’ ஆகிய மூன்றும் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன. அவற்றைப் பராமரித்தவர்கள் முன்கூட்டியே அறிவித்து, ‘எஸ்எஃப்’, ‘டெர்ரா’ போன்றவற்றுக்கு மாறச் சொன்னார்கள். ஆனால் பழைய பட்டியலை நம்பி வரும் மாணவருக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைப்புகளைத் திறந்து பாருங்கள். ஓய்வு பெற்ற கருவியின் பெயரைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், ‘இதற்குப் பதில் இது’ என்று எழுதி வையுங்கள். பழைய பாடக்குறிப்பு வைத்திருப்பவர் அந்தப் பெயரைத்தான் தேடி வருவார்.

உலக அளவில் பார்த்தால், பைத்தான் மொழியின் ‘எக்ஸ்அரே’ நூலகம் தொடர்புடைய திட்டங்களுக்கென்றே தனிப் பக்கம் வைத்து, அவற்றைத் துறைவாரியாகப் பிரித்திருக்கிறது. ‘பாண்டாஸ்’ நூலகத்துக்கும் அப்படி ஒன்று உண்டு. இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ பயன்படும் ஒரே ஒரு திறமூல நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு கருவி, பின் ஒரு கருவி என்று இரண்டு பதிவுகள் எழுதுங்கள், தமிழிலேயே. உள்ளே போகும் அலகு, வெளியே வரும் அலகு, சரிபார்த்த தேதி, இந்த மூன்றும் கட்டாயம். எழுதியதைச் சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறி நிற்கும் இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிறகு நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.